நான்காம் கிடங்கின் வீட்டம்மா

மகன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தபோது அம்மா அதைத் தொடவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா இது?”

“சாவிம்மா. நம்ம புது வீட்டுச் சாவி.”

“எந்தப் பக்கம்?”

“நீயே சொல்லு பார்க்கலாம். உனக்கு யாரும் வழி சொல்லவே வேணாம். கண்ணைக் கட்டி விட்டாலும் நேரா போய் நிப்ப.”

அம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகளுக்கு விஷயம் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று கணவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்; வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு ஒன்றும் சிரமமான காரியமும் இல்லை. நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின்மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

“பஸ் ஸ்டாண்டு பக்கமா?”

“இல்ல.”

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியா?”

“ஆஸ்பத்திரிக்கு யாராவது கண்ணைக் கட்டிட்டுப் போவாங்களா? டிப்போம்மா! நம்ம ராணுவ டிப்போ! கிடங்கையெல்லாம் வீடா மாத்தறாங்கன்னு பேப்பர்ல வந்துதுல்ல? அதுல நாலாம் நம்பர். நீ வேலை பார்த்த அதே நாலாம் நம்பர்!”

அம்மா சாவிக்கொத்தை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு, “உள்ளயா?” என்றாள்.

“உள்ளதான். பின்ன கூரை மேலயா குடியிருக்கப் போறோம்?”

“இல்லப்பா… ராத்திரியும் உள்ளயே இருக்கணுமா?”

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “வீடும்மா அது! ராத்திரி வீட்ல இல்லாம வேற எங்க இருப்பாங்க?” மருமகளும் சிரித்தாள். அம்மாவும், ஒரு நொடி தாமதமாக, அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

“அப்ப இந்த வீடு?”

“விலை பேசி முடிச்சாச்சு. மாசக் கடைசில காலி பண்ணிக் கொடுக்கணும். ஏம்மா, உனக்குச் சந்தோஷமா இல்லையா?”

“நல்லா கேட்ட போ. வாயில சர்க்கரையைப் போட்டுட்டு இனிக்குதான்னு கேக்கற” என்றாள் அம்மா. சாவிக்கொத்து மறுநாள் காலைவரை அதே இடத்தில் கிடந்தது.

அந்தப் பேச்சை மருமகள் பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ‘ராத்திரியும் உள்ளயே இருக்கணுமா’ என்று அத்தை நிஜமாகவேதான் கேட்டாள். அவர்கள் இரண்டு பேரும் அதை நகைச்சுவை ஆக்கிவிட்டார்கள். எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் தன் கேள்வியை மடித்து உள்ளே வைத்துக்கொள்வது அத்தையின் சுபாவம்.

அத்தை அந்த டிப்போவுக்குள் முதலில் கால் வைத்தது புருஷனின் வேலைக்கு வாரிசாக. அவர் அங்கே லாரி ஓட்டியவர். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு போய் நின்றவளிடம், எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். பயப்படுவாயா என்று கேட்டார்கள். எது சரியான பதில் என்று புரியாமல் அதற்கும், “தெரியும்” என்று சொல்லிவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

வெடிமருந்துக் கிடங்கு அது. பீரங்கிக் காலத்துக் கட்டடம். சுவர் ஒரு கட்டில் நீளத்துக்குத் தடிமன். ஜன்னல் கிடையாது. காற்று வருவதற்கு மட்டும் சுவருக்குள் முழங்கைபோல மடங்கிய துளைகள். காற்று வளைந்து வரும், நெருப்புப் பொறி வளைந்து வராது என்பது கட்டியவர்கள் போட்ட கணக்கு. தரைப் பலகையில் அடித்திருந்தது செப்பாணி. இரும்பு உரசினால் பொறி பறக்கும். விளக்குகூட உள்ளே வரக் கூடாது. சுவரை ஒட்டி ஒரு குறுகிய சந்து விட்டு, அங்கிருந்து ஒரு கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சம் காட்டுவார்கள். அத்தையின் காலத்தில் எண்ணெய் விளக்கு போய் பல்பு வந்துவிட்டது. அந்தப் பல்பும் சந்தில்தான் எரிந்தது. கட்டடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. ஏதாவது நடந்தால் வெடி மேலே போகட்டும், பக்கத்துக் கிடங்குக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. உள்ளே இருப்பவர்களும் மேலேதான் போவார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வாசலில் ஒரு மரப்பலகை இருந்தது. கொண்டை ஊசி, மோதிரம், ஊக்கு எல்லாவற்றையும் அதில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, டிப்போ கொடுத்த உடுப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த உடுப்புக்குப் பை கிடையாது. பை இருந்தால் அதில் ஏதாவது இருக்கும்; ஏதாவது இருந்தால் மறந்துபோகும். அந்தப் பழக்கம் அத்தையின் கையில் எப்படி ஊறியதென்றால், மகனின் பள்ளிக்கூட அரைக்கால் சட்டையைத் தைக்க உட்கார்ந்தவள், பைகளையும் சேர்த்துத் தைத்து மூடிவிட்டாள். “டேய், கோலியை எங்கடா வைப்ப?” என்று பையன்கள் கேட்டார்கள். அவன் வாயில் போட்டுக்கொண்டான்.

உள்ளே ஒருத்தி, கதவில் ஒருத்தி. இதுதான் அங்கே முறை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்லை. உள்ளே இருப்பவள் தன் இஷ்டத்துக்கு வெளியே வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கதவுக்காரி கூப்பிட வேண்டும். அபாய மணி அடித்தால் முதல் வேலையாகச் சந்து விளக்கை அணைப்பார்கள். உள்ளே கும்மிருட்டு. இருட்டில் ஓடி எதையாவது தட்டிவிட்டால் ஒன்றுக்கு இரண்டாக அபாயம் வந்து சேரும். அதனால் நின்ற இடத்திலேயே, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கூப்பிடும்வரை அசையாமல் நிற்க வேண்டும்.

அத்தைக்கு வாய்த்த கதவுக்காரிக்கு ‘மணிக்கூண்டு’ என்று பட்டப்பெயர். தெருக்கோடியில் பேசினால் டிப்போவுக்குள் கேட்கும். உள்ளேயிருந்து சத்தமே வராவிட்டால், “ஏன்டி, தூங்கிட்டியா, செத்துட்டியா? எதுவானாலும் சொல்லிட்டுச் செய்யி!” என்று கத்துவாள். அத்தை ஓய்வு பெற்ற மறு வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள், யாரிடமும் சொல்லாமலே.

இத்தனை காலத்தில் அங்கே ஒரு தீக்குச்சிகூட எரிந்ததில்லை. அதனால்தான் அத்தையால் யாருக்கும் எதையும் விளக்க முடியவில்லை. ஒன்றுமே நடக்காத இடத்தைப் பற்றி என்ன குறை சொல்வது?

மகனுக்கோ அந்த இடம் வேறு மாதிரி. பள்ளி விட்டதும் டிப்போ வாசலுக்கு வந்து அம்மாவுக்காகக் காத்திருப்பான். வாசலில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் குழந்தைகள் தாண்டக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். காவலாளி அவனை, ‘தள்ளு, தள்ளு’ என்று விரட்டுவான். ஒரு நாள் நான் உள்ளே வருவேன், இந்த ஆள் எனக்கு சல்யூட் அடிப்பான் என்று அந்த வயதிலேயே அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். டிப்போ ஊருக்கு வெளியே மாறியது. இடிக்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டதால், பழைய கட்டடங்களை அப்படியே ஒரு கட்டுமானக் கம்பெனி எடுத்து வீடுகளாக மாற்றியது. இப்போது வாசலில் நிற்கும் புதுக் காவலாளி அவன் வண்டியைக் கண்டதும் நிஜமாகவே சல்யூட் அடிக்கிறான். அவன் கண்ணாடியை இறக்கிப் பதில் வணக்கம் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் மருமகள் அவன் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் அவனிடம் எதுவும் சொல்ல மனம் வராது.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சுவரை அறுத்து ஜன்னல் வைத்திருந்தார்கள். அவ்வளவு தடிமனான சுவரில் ஜன்னல் என்பது சுரங்கத்தின் மறுமுனைபோலத் தூரத்தில் தெரிந்தது. மண்மேட்டில் புல் வளர்த்திருந்தார்கள், குழந்தைகள் சறுக்கி விளையாடினார்கள். தோட்டாக் கிடங்கு உடற்பயிற்சிக் கூடம் ஆகியிருந்தது. காவல் கொட்டகையில் காபிக் கடை. ‘அபாயம், நெருப்பு கூடாது’ என்ற பழைய பலகையைத் துடைத்து மெருகேற்றி, காபிக் கடை அடுப்புக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள்.

மருமகளுக்குக் கிடைத்தது அந்த விளக்குச் சந்து. ஒரு மேசையும் நாற்காலியும் போட்டால் நிரம்பிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது அவள் வேலை. பழைய வீட்டில் கட்டிலின் ஓரத்தில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே, மடியில் தலையணை வைத்து அதன்மேல் கணினியை வைத்துச் செய்துகொண்டிருந்தாள். பிறந்த வீட்டிலும் அவளுக்கென்று ஒரு மேசை இருந்ததில்லை. சந்துக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் உலகமே நின்றுபோகும். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரிடமும் சொல்லாமல், ஒரு இடத்தை அவள் தன்னுடையது என்று நினைத்தாள்.

சந்தில் பழைய கண்ணாடியை அப்படியே விட்டிருந்தார்கள். அதன் வழியாகக் கூடம் தெரியும். வேலையிலிருந்து நிமிரும்போதெல்லாம் அவள் கண்ணில் அத்தைதான் படுவாள். சோபாவின் நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, இறங்க வேண்டிய நிறுத்தம் அடுத்தது என்பதுபோல உட்கார்ந்திருப்பாள். சாய்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. தலை சீவ வேண்டுமென்றால் மண்மேட்டுக்குப் போவாள். திரும்பி வந்ததும் கொண்டை ஊசியைக் கழற்றி வாசல் மேசையில் வைத்துவிட்டு, நூலால் முடிந்துகொண்டு உள்ளே வருவாள்.

அடுப்பைத் தொடவே இல்லை. அத்தனை காலம் அடுப்படியை விட்டு நகராதவள், இங்கே வந்ததிலிருந்து, “கை வலிக்குது கண்ணு, நீயே பார்த்துக்கோ” என்றாள். மருமகள் பற்றவைக்கும்போது மெல்ல எழுந்து வெளியே போய்விடுவாள். தன்மேல் ஏதோ கோபம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். கேட்க வாய் வரவில்லை. ஊர்வாய்க்கு உலைமூடி ஏது? கணவனின் சித்தி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“என்னம்மா, புது வீட்டுக்குப் போனதும் மாமியாரை அடுப்படிலேர்ந்து துரத்திட்டியாமே?”

“அப்படியெல்லாம் இல்லைங்க சித்தி.”

“இல்லன்னு நீதான் சொல்ற. அவ மண்மேட்டுல குந்தியிருக்கான்னு ஊரே சொல்லுது.”

அன்று மாலை, துணிவை வரவழைத்துக்கொண்டு அவள் கேட்டாள். “உங்களுக்கு இங்க ஏதாவது பிடிக்கலையா அத்தை?”

“பிடிக்காம என்ன கண்ணு. வந்த நாள்லேர்ந்து ஷிஃப்ட் முடியற மாதிரியே தெரியல, அவ்வளவுதான்” என்றாள் அத்தை, சிரித்தபடி. மருமகளும் சிரித்துவிட்டாள். இரண்டாம் முறையாக.

கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒரு நாள் பூங்கொத்தோடு வந்தார். வாயெல்லாம் பல். “அம்மா இங்கயே வேலை பார்த்தவங்கன்னு சார் சொன்னார். இது எங்களுக்குப் பெரிய பெருமை. அடுத்த வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை தோறும் வீடு பார்க்க ஆளுங்க வருவாங்க. அம்மா அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கிட்டு, இப்படித்தான் நின்னோம், இப்படித்தான் தூக்கினோம்னு சும்மா ரெண்டு வார்த்தை சொன்னா போதும்.”

“வேண்டாம் தம்பி, எனக்குப் பேச வராது” என்றாள் அத்தை.

“பேச வராதுன்னு எவ்வளவு அழகா பேசறாங்க பாருங்க!” என்றார் அதிகாரி. மகன் கைதட்டினான். அவனே சம்மதமும் சொன்னான். “அம்மாவுக்குக் கூச்சம். ரெண்டு வாரம் போனா அவங்களை நிறுத்தறதுதான் கஷ்டம்.”

தீயணைப்பு ஒத்திகை என்று குடியிருப்புச் சங்கம் அறிவித்திருந்தது அந்த வாரத்தில்தான். மணி அடித்ததும் எல்லாரும் புல்வெளிக்கு வர வேண்டும். அத்தையிடமும் சொல்லியிருந்தார்கள், தலையாட்டினாள்.

மணி அடித்தபோது மருமகள் காவலாளியிடம் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். ஆட்கள் செருப்புச் சத்தத்தோடு, செல்பேசியும் கையுமாக, கல்யாணத்துக்கு வருவதுபோல வந்து சேர்ந்தார்கள். அத்தையைக் காணோம்.

“உள்ள யாரும் இல்ல மேடம். எல்லா கதவையும் தட்டிப் பார்த்துட்டாங்க” என்றான் காவலாளி.

அவள் பொட்டலத்தை அவன் கையிலேயே திணித்துவிட்டு ஓடினாள். தன் சாவியால் கதவைத் திறந்தாள். உள்ளே வெயிலுக்காக ஜன்னல் பலகைகளெல்லாம் சாத்தியிருந்தன. இருட்டு. கண் பழகியபோது, கூடத்துச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி நிற்கும் உருவம் தெரிந்தது. வெறும் கால்.

“அத்தை?”

“நகராதே. அங்கயே நில்லு.”

“நான்தான் அத்தை. சும்மா ஒத்திகை. வாங்க, வெளிய போகலாம்.”

“கூப்பிடட்டும்.”

“யாரு கூப்பிடணும்?”

“கதவுல இருக்கறவ.” சொன்ன பிறகு அத்தைக்கே அது கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் குழம்பிய குரலில், “அவ இல்லல்ல இப்ப?” என்றாள். ஆனாலும் கை சுவரைவிட்டு எழவில்லை. “எனக்குத் தெரியுது கண்ணு. கால் கேக்க மாட்டேங்குது. நீ வெளிய போய்க் கூப்பிடு.”

மருமகள் குரலை உயர்த்திப் பழகாதவள். பள்ளியில் பெயர் கூப்பிட்டு இவள் ‘உள்ளேன்’ சொன்னால், ஆசிரியை இரண்டாம் முறையும் கூப்பிடுவார். வாசலுக்கு வெளியே போய் நின்று, “அத்தை, வாங்க” என்றாள். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு முறை, அடிவயிற்றிலிருந்து, “அத்தை! வெளிய வாங்க!” என்று கத்தினாள். நடைவழி முழுக்க எதிரொலித்தது. அத்தை வந்தாள். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டபோது அந்தக் கை ஐஸ்போல இருந்தது.

புல்வெளியில் எல்லாரும் கைதட்டினார்கள். “பெரியம்மா ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாங்க போல!” என்று யாரோ சொன்னார்கள். விற்பனை அதிகாரி, “அடடா, இதை வீடியோ எடுக்காம விட்டுட்டோமே!” என்று தொடையைத் தட்டினார். மாலையில் விஷயம் கேட்ட மகன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். “பார்த்தியா, அம்மா இன்னும் டியூட்டில இருக்கா!” நண்பர்கள் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுச் சொன்னான். அத்தையும் சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விளங்கியது: அடுப்பு, நூல் முடிச்சு, சோபா நுனி. இந்தப் பெண்மணி வேலைக்கு வந்திருக்கிறாள், வீட்டுக்குப் போக அவளுக்கு வீடு இல்லை.

கணவனிடம் சொல்லலாமா என்று இரவெல்லாம் புரண்டாள். சொன்னால் அவன் வண்டிக் கண்ணாடியை இறக்கும் அந்த முகம் இனி இருக்காது. சொல்லாவிட்டால் அத்தை சோபா நுனியிலேயே மிச்ச ஆயுளைக் கழிப்பாள். இவை இரண்டுக்கும் அடியில், சொல்ல வெட்கமான மூன்றாவதாக, அந்தச் சந்து இருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள்; இவளுக்குக் கொள்ளி மூன்று பக்கமும்.

மறுநாள் கம்பெனியிலிருந்து உடுப்பு வந்தது. புதுத்துணி மணத்தோடு, இஸ்திரி போட்டு, உறையில். மகன் அதை நாற்காலியில் விரித்துவைத்துவிட்டு அலுவலகம் போனான். “ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு தடவை போட்டுப் பாரும்மா. இறுக்கமா இருந்தா பிரிச்சுத் தரேன்னு சொன்னாங்க.”

அவன் போனதும் அத்தை வெளியே போய்விட்டாள். மருமகள் சந்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு வரியும் ஓடவில்லை. எழுந்து இரண்டு தம்ளரில் டீ எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போனாள். அத்தை நகர்ந்து இடம் கொடுத்தாள். குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார்கள். கீழே உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ இரும்பை டம்மென்று போட்டார்கள். அத்தையின் தம்ளர் தளும்பியது.

“நீ வந்ததும் நல்லதாப் போச்சு” என்றாள் அத்தை. “ஒரு விஷயம் கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“சிரிக்க மாட்டேன் அத்தை.”

“அந்த உடுப்பை என்னால போட முடியாது. இந்த வீட்ல இருக்கவும் முடியல. இதை அவன்கிட்ட நான் சொன்னா அவன் ஒண்ணும் பேச மாட்டான். மறுநாளே வேற வீடு பார்த்துடுவான். ஆனா உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிடுவான். கேட்டுக்கு வெளிய நின்ன பையன், மறுபடியும் அங்கயே போய் நின்னுடுவான்.”

மருமகள் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

“மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சொல்லுவாங்க. இந்தக் குடம் மட்டும் தலைகீழ். நான் உடைச்சாதான் பொன்குடம். நீ உடைச்சா வெறும் மண்குடம். கோவிச்சுக்குவான், முகத்தைத் தூக்கி வச்சுப்பான், அவன் சித்தி நாலு வார்த்தை பேசுவா. அப்புறம் ஆறிப் போயிடும்.” அத்தை தம்ளரைப் புல்லில் வைத்தாள். “உனக்கு அந்தச் சந்து எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியும். கண்ணாடி வழியா நீ என்னைப் பார்க்கறப்ப நானும் உன்னைப் பார்த்திருக்கேன். எங்க வீட்டுக்கு வந்தப்புறம் நீ சந்தோஷமா உக்காந்து நான் பார்த்தது அங்க மட்டும்தான். தெரிஞ்சேதான் கேக்கறேன் கண்ணு. என் பேரை எடுக்காம, உனக்குத்தான் இந்த வீட்ல மூச்சு முட்டுதுன்னு, அவன்கிட்ட நீ சொல்றியா?”